வீட்டுப் பட்டறையில் ஹார்டெயில் மோட்டார் சைக்கிள் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்பக்கச் சஸ்பென்ஷன் இல்லாத மோட்டார் சைக்கிளைத் தாமே கட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் திரும்பத் திரும்ப எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகளில் தொடங்கிச் சிக்கலானவற்றுக்குச் செல்வதாலும், பின்வரும் பதில்கள் முன்வந்தவற்றைச் சார்ந்திருப்பதாலும், முதன்முறை படிக்கிறவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது. எல்லோரும் வெல்டிங்கைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். இந்த வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் அளவுதான் என்பதால் பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஹார்டெயில் என்றால் என்ன? பின்னால் ஷாக் அப்சார்பர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது ஹார்டெயில்தானே?

பின்சக்கரத்தின் ஆக்ஸில், ஃபிரேமின் உறுப்பாகவே அமைந்த இரண்டு தட்டுகளில் நேரடியாக உட்கார்ந்திருக்கும் வண்டிதான் ஹார்டெயில். வழக்கமான வண்டியில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்ம் ஒரு முனையில் ஃபிரேமோடு பிணைந்து மேலும் கீழும் அசையும். ஹார்டெயிலில் அந்தப் பிணைப்பும் இல்லை, அசைவும் இல்லை.

20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் இப்படித்தான் வெளிவந்தன. ஹார்லி-டேவிட்சன் 1949-இல் தன் பெரிய வண்டிகளுக்கு ஹைட்ராலிக் முன் ஃபோர்க்கைக் கொடுத்தபோதும் பின்பக்கம் விறைப்பாகவே இருந்தது. அந்த வரிசைக்குப் பின் ஷாக் அப்சார்பர் 1958-இல்தான் வந்தது. அதே நிறுவனம் 1984 மாடலாகக் கொண்டுவந்த சாஃப்டெயிலில் ஷாக் அப்சார்பர்கள் வண்டிக்கு அடியில் மறைந்திருக்கும். பார்வைக்கு ஹார்டெயில், ஓட்டத்தில் அல்ல. ஆகவே கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மட்டும் போதாது.

இதை ஓட்டினால் முதுகு போய்விடாதா?

நல்ல சாலையில் போகாது. மோசமான சாலையில் நாள் முழுவதும் ஓட்டினால் வலிக்கத்தான் செய்யும். ஹார்டெயிலில் மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்வது இரண்டே பொருள்கள்: பின் டயரின் பக்கச் சுவரும், சீட்டின் அடியில் உள்ள சுருள்வில்லும். அதனால்தான் பழைய வண்டிகளில் 16 அங்குல ரிம்மில் 5.00 அங்குல அகலமுள்ள உயரமான டயரைப் பார்க்கிறோம். 18 அங்குல ரிம்மில் தட்டையான டயரைப் போட்டுவிட்டு வில் இல்லாத மெல்லிய சீட்டை ஃபிரேமிலேயே அறைந்தால், அழகு மட்டும் மிஞ்சும்.

காற்றழுத்தத்தைக் கண்டபடி குறைத்து மென்மை தேட வேண்டாம். டயரில் அச்சிட்டுள்ள சுமைத் திறன் குறிப்பிட்ட அழுத்தத்துக்கு உரியது; அதற்குக் கீழே இறக்கினால் பக்கச் சுவர் சூடாகிச் சிதையும், பள்ளத்தில் ரிம் நேரடியாக அடிபடும்.

பின்னால் ஒருவரை உட்கார வைக்கலாமா?

தொடக்கத்திலிருந்தே அதற்கென்று திட்டமிட்டு, தனித் தாங்குகுழாய்களும் கால்மிதியும் வைத்தால் ஒழிய வேண்டாம். மட்கார்டின் மேல் திண்டு வைப்பது பின்னிருக்கை ஆகாது. அப்படி வைத்தால் என்ன நேரும் என்பது மட்கார்டு பற்றிய பதிலில் விளங்கும்.

எந்த வண்டியை எடுத்து வெட்டலாம்?

என்ஜினைச் சுற்றிக் கீழே முழுத் தொட்டிலாகக் குழாய் ஓடும் ஃபிரேம், காற்றால் குளிரும் என்ஜின், செயின் ஓட்டம், கார்புரேட்டர் ஆகிய நான்கும் அமைந்த வண்டி முதல் முயற்சிக்கு ஏற்றது. யமஹா எக்ஸ்எஸ்650, ஹோண்டா சிபி750, பழைய டிரையம்ஃப் 650 போன்றவை இந்தத் துறையில் அடிக்கடி தென்படுவதற்குக் காரணம் மோகம் மட்டுமல்ல. வெட்டிய பிறகும் முன்பாதி தன் வடிவத்தை ஓரளவு தானே தாங்கிக்கொள்ளும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. என்ஜினே ஃபிரேமின் பாகமாக வேலை செய்யும் வண்டிகளில், ராயல் என்ஃபீல்டு புல்லட் உட்பட, கீழ்த் தொட்டில் கிடையாது. என்ஜினைக் கழற்றியதும் ஃபிரேம் திறந்து நிற்கும். அவற்றையும் மாற்றலாம், ஆனால் கீழ்ப்பகுதியைப் புதிதாகக் கட்டும் வேலை கூடுகிறது. ஷாஃப்ட் ஓட்டம் உள்ள வண்டிகளை முதல் முயற்சியில் தொடவே வேண்டாம். 1971 மாடல் முதல் வந்த சில டிரையம்ஃப், பிஎஸ்ஏ ஃபிரேம்களில் என்ஜின் ஆயில், டேங்குக்கு அடியில் ஓடும் முதுகுக் குழாய்க்குள்ளேயே இருக்கும். அது தெரியாமல் கிரைண்டரை வைத்தால் ஆயில் கொட்டுவதோடு நிற்காது, ஆயிலுக்கு வேறு தொட்டியும் தேட வேண்டிவரும்.

ஸ்விங்கார்மை அப்படியே விட்டு, ஷாக் அப்சார்பர் இருந்த இடத்தில் இரும்புக் கம்பியை மாட்டினால் ஹார்டெயில் ஆகிவிடாதா?

அசைவு நின்றுவிடும், ஆனால் வண்டி ஹார்டெயில் ஆகாது. ஷாக் அப்சார்பரின் மேல் பிடிமானம், வில் தணித்துக் கொடுக்கும் விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. வில்லை எடுத்துவிட்டால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் முழுதாக அந்தச் சிறு போல்ட்டிலும் அதைத் தாங்கும் மெல்லிய குழாயிலும் இறங்கும். ஸ்விங்கார்மின் புஷ்ஷும், சுழலுவதற்குப் பதில் ஒரே இடத்தில் இடிபட்டு நீள்வட்டமாகத் தேயும்.

கம்பி மாட்டுவதற்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது. வண்டி எவ்வளவு தாழ வேண்டும் என்பதை வெட்டுவதற்கு முன்பே கண்ணால் பார்த்து முடிவுசெய்ய, துளைகள் வரிசையாகப் போட்ட பட்டையைத் தற்காலிகமாக மாட்டி, நிறுத்திய நிலையில் அளவெடுக்கலாம். அதை மாட்டிக்கொண்டு சாலைக்குப் போகாதீர்கள்.

போல்ட் போட்டு மாட்டும் பின்பகுதி, வெல்டிங் செய்யும் பின்பகுதி, முழுப் புது ஃபிரேம்: எதில் தொடங்குவது?

போல்ட் வகை பழைய பிடிமானங்களிலேயே உட்காரும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ஆனால் மூட்டுகள் தெரியும், கோடும் அவ்வளவு சீராக அமையாது. வெல்டிங் வகையில் ஃபிரேமின் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, வளைத்துத் தயாரித்த முக்கோணப் பகுதியை இணைக்கிறோம். வீட்டுப் பட்டறைக்கு இதுவே நடுவழி. கழுத்தும் (முன் ஃபோர்க் சுழலும் குழாய்) என்ஜின் பிடிமானங்களும் தொழிற்சாலை வைத்த இடத்திலேயே இருப்பதால், பிழை நேரக்கூடிய இடங்கள் பாதியாகக் குறைகின்றன.

முழு ஃபிரேமை முதல் வேலையாக எடுப்பவர்களை நான் தடுப்பதில்லை, ஊக்குவிப்பதும் இல்லை. குழாய் வளைப்பது தனிக் கலை. தண்ணீர்க் குழாய் வளைக்கும் ஜாக்கில் ஃபிரேம் குழாயை வைத்தால் உட்புற வளைவில் நசுங்கும். நசுங்கிய இடத்தில்தான் நாளை விரிசல் விடும்.

ஃபிரேமை வெட்டினால் பதிவுக்குச் சிக்கல் வருமா?

வரலாம். விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். சில இடங்களில் ஃபிரேமை மாற்றிய வண்டி புதிதாகச் சோதனைக்கு உட்பட வேண்டும், சில இடங்களில் அனுமதியே கிடையாது. கிரைண்டரை எடுப்பதற்கு முன்பே பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஃபிரேம் எண் பெரும்பாலும் கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதியைத் தேய்க்கவோ, நிரப்பவோ, கனமான பூச்சால் மூடவோ கூடாது.

என்னென்ன கருவிகள் இருந்தால் போதும்?

கிரைண்டர், வெல்டிங் கருவி, டிரில், நல்ல வைஸ், அரங்கள் ஆகியவை எல்லோரும் சொல்லும் பட்டியல். என் பட்டியலில் முதலில் நிற்பவை வேறு: ஒரு நல்ல ரசமட்டம், கோணம் காட்டும் டிஜிட்டல் மட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், நீளமான நேர்ப்பட்டை, நெளியாத அளவு நாடா. வெல்டிங்கை இன்னொருவரிடம் கொடுத்துச் செய்யலாம். அளவை அவரிடம் ஒப்படைக்க முடியாது.

குழாய் எந்தக் கனத்தில் வாங்க வேண்டும்? தண்ணீர்க் குழாய் கனமாகத்தானே இருக்கிறது?

தண்ணீர்க் குழாய் வேண்டாம். அது நீரின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. வளைவையும் அதிர்வையும் தாங்க அல்ல. துத்தநாகப் பூச்சு உள்ள குழாயாக இருந்தால் வெல்டிங்கில் எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைத் தரும், மூட்டில் நுண்துளைகளும் விழும். 25 முதல் 32 மி.மீ. வரை விட்டமும் ஏறத்தாழ 3 மி.மீ. சுவர்க் கனமும் உள்ள டி.ஓ.எம். எனப்படும் இழுத்துச் சீராக்கிய எஃகுக் குழாய் இந்த வேலைக்கு வழக்கமானது.

4130 குரோமோலி எஃகு நல்லதுதானே என்று அடுத்த கேள்வி வரும். அது வலிமை கூடியது, ஆனால் விறைப்பில் சாதாரண எஃகுக்குச் சமமே. எனவே அதன் பலன், சுவரை மெலிதாக்கி எடையைக் குறைக்கிறவருக்கே கிடைக்கும். வெல்டிங் முடிந்ததும் காற்றோட்டத்தில் வைத்தோ தண்ணீர் தெளித்தோ அதை ஆற்றினால் மூட்டின் அருகே நொறுங்கும் தன்மை வந்துவிடும். முதல் வண்டிக்குச் சாதாரண டி.ஓ.எம். குழாயே போதும்.

ஜிக் இல்லாமல் முடியவே முடியாதா?

ஜிக் என்பது வெல்டிங்கின்போது ஃபிரேமை அளவு மாறாமல் பிடிக்கும் சட்டம். அது இல்லாமலும் முடியும், ஆனால் ஏதாவது ஒன்று ஃபிரேமை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். கனமான சதுரக் குழாய் இரண்டைத் தரையில் மட்டமாக்கிப் போட்டு, அதன்மேல் என்ஜின் பிடிமானங்களுக்கும் கழுத்துக்கும் தாங்கிகளை வெல்டு செய்துகொண்டால் அதுவே ஒருமுறைக்கான ஜிக். என்ஜின் இடத்தில் காலி கிராங்க்கேஸை (என்ஜினின் வெளிக்கூட்டை) மாட்டி வையுங்கள். வேலை செய்யும் என்ஜினை மாட்டினால் வெல்டிங் மின்னோட்டம் பேரிங் வழியே போகக்கூடும்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கழுத்தின் இரு பேரிங் கிண்ணங்களிலும் இறுக்கமாக உட்காரும்படி கடைசல் பிடித்த நேரான தண்டு ஒன்றைச் செருகி, மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். பின் ஆக்ஸில் தட்டுகளில் நீளமான ஆக்ஸில் தண்டு ஒன்றைப் போட்டு, சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சமதூரத்தில் குறியிடுங்கள். இப்போது கழுத்துத் தண்டின் மேல்முனை மையத்திலிருந்து இடக்குறிக்கும் வலக்குறிக்கும் உள்ள தூரத்தை அளந்து, பின்னர் கீழ்முனையிலிருந்தும் அப்படியே அளக்க வேண்டும். மேல்முனையின் இரு அளவுகளும் தமக்குள் சமமாகவும், கீழ்முனையின் இரு அளவுகளும் தமக்குள் சமமாகவும் இருந்தால், கழுத்து முழுவதும் பின்சக்கரத்தின் நடுத்தளத்திலேயே இருக்கிறது என்று பொருள். ஃபிரேம் முறுக்கிக்கொண்டாலும், ஒருபுறம் ஒதுங்கினாலும், ஆக்ஸில் சாய்ந்தாலும் இந்த நான்கு எண்களில் ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கும். அளவு நாடாவை ஒவ்வொரு முறையும் ஒரே இழுப்பில் பிடிப்பது முக்கியம். நாடாவின் கொக்கியை நம்பாமல் 100 மி.மீ. கோட்டிலிருந்து அளப்பது இன்னும் நல்லது.

ஆக்ஸில் தட்டில் ஓரிரு மி.மீ. பிழை இருந்தால் என்ன, செயின் அட்ஜஸ்டரில் சரிசெய்துகொள்ளலாமே?

எந்தத் திசையில் பிழை என்பதைப் பொறுத்தது. ஒரு தட்டு முன்னே, மற்றொன்று பின்னே என்றால் அட்ஜஸ்டரைத் திருகிச் சமன்செய்துவிடலாம். ஒரு தட்டு மேலே, மற்றொன்று கீழே என்றால் அதைத் திருத்த அட்ஜஸ்டரே கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தட்டுகளுக்கு இடையே 220 மி.மீ., உயர வேறுபாடு 2 மி.மீ. என்றால், 660 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் உச்சி அதன் அடியைவிட 6 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி நிற்கும். அது கண்ணுக்கே தெரியும்; ஓட்டும்போது கைக்கும் தெரியும். ஆகவே இரு தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துச் சேர்த்தே துளையிடுங்கள், டேக் (முழு வெல்டிங்குக்கு முன் இடத்தில் நிறுத்தும் சிறு வெல்டு) வைக்கும்போது இரண்டுக்கும் இடையே ஆக்ஸிலையும் ஸ்பேசரையும் மாட்டி இறுக்கி வையுங்கள்.

ஃபிரேமை எந்த இடத்தில் வெட்ட வேண்டும்? வெட்டிய முனையை அப்படியே ஒட்டவைத்து வெல்டு செய்தால் போதுமா?

வெட்டும் இடத்தை நீங்கள் வாங்கிய அல்லது செய்த பின்பகுதி தீர்மானிக்கும். பொதுவாக மேலே, டேங்குக்குப் பின்னால் முதுகுக் குழாய் நேராக ஓடும் பகுதியிலும், கீழே, கடைசி என்ஜின் பிடிமானத்துக்குப் பின்னாலும் வெட்டு விழும். வளைவின் மேலும், பழைய வெல்டிங்கின் மேலும் வெட்டாதீர்கள். முதல் வெட்டுக்கு முன்பே ஃபிரேமின் முன்பாதியில் குறுக்குக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டு செய்துவிட வேண்டும். தொழிற்சாலையில் உள்ளே தங்கிய இறுக்கம் வெட்டியவுடன் விடுபட்டுக் குழாய்கள் விரியும்.

முனைகளை வெறுமனே ஒட்டவைப்பது போதாது. இரு குழாய்களுக்குள்ளும் இறுக்கமாக நுழையும்படி கடைசல் பிடித்த உள்துண்டு ஒன்று வேண்டும். ஒவ்வொரு பக்கமும் குழாய் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது அது உள்ளே போக வேண்டும். குழாய்ச் சுவரில் துளையிட்டு, அத்துளைகள் வழியே உள்துண்டோடு வெல்டு செய்து, பிறகு சுற்று மூட்டை நிரப்ப வேண்டும். இரு குழாய் முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளியும், முனைகளில் சரிவும் விட்டால்தான் வெல்டிங் உள்துண்டுவரை இறங்கும். மேலே அழகாகப் படிந்து உள்ளே இறங்காத வெல்டிங், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஆபத்து.

மிக், டிக், சாதாரண ஆர்க்: எது நல்லது?

உங்கள் கைக்குப் பழகியது. 3 மி.மீ. சுவருக்கு மூன்றிலும் வலுவான மூட்டு போடலாம். டங்ஸ்டன் முனையால் உருக்கும் டிக் வெல்டிங்கில் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது எளிது, மூட்டும் தூய்மையாக இருக்கும். ஆனால் உள்துண்டு இல்லாத மூட்டுகளில் முனைகள் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். கம்பி தானாக ஊட்டப்படும் மிக் என்றால் இஆர்70எஸ்-6 கம்பியும், ஆர்கான் 75 விழுக்காடு கரியமில வாயு 25 விழுக்காடு கலந்த வாயுவும் வழக்கம். மிக்கில் ஏமாறுவது எளிது, ஏனென்றால் குளிர்ந்த மூட்டும் வெளியே நன்றாகவே தெரியும். ஃபிரேமில் கைவைப்பதற்கு முன் அதே குழாயில் சோதனை மூட்டுகள் போட்டு, அறுத்து, வளைத்து, உடைத்துப் பாருங்கள். மூட்டு பிரியாமல் குழாய் கிழிந்தால் அமைப்பு சரி.

குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் குழாயைத் துடைத்துவிட்டு வெல்டு செய்யக் கூடாது. ஆர்க்கின் வெப்பத்தில் அது ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறக்கூடும். அசிட்டோனால் துடைத்து, முழுதாக உலர விடுங்கள்.

டேக் வைத்தபோது நேராக இருந்தது, முழுதாக வெல்டு செய்து ஆறியதும் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஏன்?

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். எந்தப் பக்கம் முதலில் போட்டீர்களோ அந்தப் பக்கம் குழாயை இழுக்கும். ஒரு மூட்டை ஒரே மூச்சில் முடிக்காமல், இடப்பக்கம் கொஞ்சம், அதற்கு நேரான வலப்பக்கம் கொஞ்சம் என்று மாறிமாறிப் போட்டு, நடுவே கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஜிக் பற்றிய பதிலில் சொன்ன நான்கு அளவுகளையும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். 1 மி.மீ. நகர்ந்திருப்பது தெரிந்தால் அடுத்த வெல்டிங்கை எதிர்ப்பக்கத்தில் தொடங்கி அதைத் திருப்பி இழுக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தால் வெட்டத்தான் வேண்டும்.

ரேக், ட்ரெயில் என்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?

அல்ல. ரேக் என்பது கழுத்து செங்குத்துக் கோட்டிலிருந்து சாய்ந்திருக்கும் கோணம். ட்ரெயில் என்பது ஒரு தூரம்: கழுத்தின் மையக் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், முன் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ளது. டயர் தொடும் புள்ளி பின்னால் இருப்பதால்தான் சக்கரம் தானாக நேராக வருகிறது. வண்டியின் குணத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் ட்ரெயிலே. புகைப்படத்தில் தெரிவது ரேக் என்பதால் எல்லோரும் அதையே பேசுகிறார்கள்.

டயரின் ஆரத்தை ரேக் கோணத்தின் சைனால் பெருக்கி, ஃபோர்க்கின் ஆஃப்செட்டைக் கழித்து, மீதியைக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் ட்ரெயில் வரும். ஆஃப்செட் என்பது கழுத்தின் மையக் கோட்டிலிருந்து முன் ஆக்ஸில் எவ்வளவு முன்தள்ளி இருக்கிறது என்பது. ஆரம் 330 மி.மீ., ஆஃப்செட் 50 மி.மீ., ரேக் 30 டிகிரி என்றால் ட்ரெயில் 133 மி.மீ.; அதே வண்டியின் கழுத்தை 40 டிகிரிக்குச் சாய்த்தால் 212 மி.மீ. சாலை வண்டிகள் பலவும் 90 முதல் 150 வரைதான். 212-இல் வண்டி நேர்ச்சாலையில் அசையாமல் போகும், மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில்பார் உள்நோக்கி விழப் பார்க்கும்.

கழுத்தைத் தொடவே இல்லை, பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தினேன். அதற்கும் ட்ரெயிலுக்கும் என்ன தொடர்பு?

பின்பக்கம் தாழ்ந்தால் ஃபிரேம் முழுவதும் பின்னோக்கிச் சாயும், கழுத்தும் கூடவே சாயும். இரு ஆக்ஸில்களுக்கும் இடையே 1400 மி.மீ. இருக்கும் வண்டியில் பின்பக்கத்தை 25 மி.மீ. தாழ்த்தினால் ரேக் ஏறத்தாழ 1 டிகிரி கூடும். மேலே சொன்ன வண்டியை 50 மி.மீ. தாழ்த்தினால் ரேக் 32, ட்ரெயில் 147 மி.மீ. இது ஆபத்தான மாற்றமன்று, ஆனால் தெரிந்து செய்ய வேண்டியது. என்ஜினும் அதே அளவு பின்சாயும் என்பதால் கார்புரேட்டரின் மிதவை மட்டத்தையும் ஆயில் அளவுகோலையும் மறுபடி பார்க்க வேண்டும். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் கீழ்த் தொட்டில் குழாய் தரைக்கு இணையாக வருமாறு ஆக்ஸில் தட்டின் உயரத்தைத் தொடக்கத்திலேயே தீர்மானித்தால் இந்தச் சிக்கல்கள் எழா.

கழுத்தை வெட்டப் பயமாக இருக்கிறது. ஃபோர்க்கைச் சாய்த்துப் பிடிக்கும் யோக் விற்கிறார்களே, அதை மாட்டினால் அதே தோற்றம் வந்துவிடும் அல்லவா?

தோற்றம் வரும், விளைவு நேர்மாறானது. கழுத்தைச் சாய்த்தால் ட்ரெயில் கூடும். சாய்ந்த யோக்கை (ஃபோர்க் கால்களைக் கழுத்தோடு இணைக்கும் பிடியை) மாட்டினால் ட்ரெயில் குறையும். சுழலும் கோடு பழைய இடத்திலேயே இருக்க, சக்கரம் மட்டும் முன்னே போகிறது. நம் 30 டிகிரி வண்டியில் யோக்கிலிருந்து ஆக்ஸில்வரை 700 மி.மீ. நீளமுள்ள ஃபோர்க்கை 5 டிகிரி சாய்த்துப் பிடித்தால், ஆஃப்செட்டில் ஏறத்தாழ 61 மி.மீ. கூடி, ட்ரெயில் 133-இலிருந்து 62-க்கு இறங்கிவிடும். அந்த அளவில், வேகத்தில் ஒரு சிறு மேடு பட்டாலே ஹேண்டில்பார் இருபுறமும் வெட்டி வெட்டி ஆடத் தொடங்கலாம். தொடங்கினால் கையால் நிறுத்துவது கடினம்.

அந்த யோக்குகள் செய்யப்பட்டதே கழுத்தை மிகையாகச் சாய்த்த வண்டியில் கூடிப்போன ட்ரெயிலைக் குறைப்பதற்காக. வழக்கமான கழுத்தில் அவற்றை மாட்டாதீர்கள். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஹார்டெயிலில் செயின் தொய்வு தேவையே இல்லையாமே?

குறைவாகப் போதும், வேண்டவே வேண்டாம் என்பதில்லை. ஸ்விங்கார்ம் அசையும்போது ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு இடையிலான தூரம் மாறுவதால் அங்கே கூடுதல் தொய்வு விடுகிறோம். ஹார்டெயிலில் தூரம் மாறாது. ஆனால் எந்த ஸ்ப்ராக்கெட்டும் முழு வட்டமாகச் சுழல்வதில்லை; சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, செயின் மிக இறுகும் இடத்தில் 10 முதல் 15 மி.மீ. தொய்வு இருக்கட்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் வெளி பேரிங் விரைவில் சத்தம் போடும்.

பின்பகுதியை நீட்டுகிறவர்கள் கண்ணிக் கணக்கை முன்பே போட வேண்டும். 530 செயினின் கண்ணி நீளம் 15.875 மி.மீ., கண்ணிகளை இரட்டைப்படையில்தான் சேர்க்க முடியும். 12 கண்ணி சேர்த்தால் ஆக்ஸில் 95 மி.மீ. பின்போகும், 14 என்றால் 111 மி.மீ. சரியாக 100 மி.மீ. நீட்டிவிட்டு, ஆக்ஸில் தட்டில் போதிய நீளத்துக்குப் பள்ளம் வெட்டாமல் விட்டால் எந்தச் செயினும் பொருந்தாது.

மட்கார்டை டயரை ஒட்டியே வைக்கலாமா? சக்கரம்தான் அசையாதே.

ஹார்டெயிலின் அழகே அதுதான், வைக்கலாம். ஏறத்தாழ 20 மி.மீ. தடிமனுள்ள ரப்பர்க் குழாயை டயரின்மேல் சுற்றி ஒட்டி, அதன்மேல் மட்கார்டை உட்கார வைத்துப் பிடிமானங்களை வெல்டு செய்தால் இடைவெளி எங்கும் சீராக வரும். ஆக்ஸிலைப் பள்ளத்தின் முன்கோடியில் வைத்தே இதைச் செய்யுங்கள். புதுச் செயின் போடும்போது சக்கரம் அங்கேதான் நிற்கும். டயர் வேகத்தில் சற்று விரியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மட்கார்டுக்குள் போகும் போல்ட்டின் வழவழப்பான தலை டயர்ப் பக்கமும், நட்டு வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். தாங்குகுழாய் ஒன்று அதிர்வில் முறிந்தால் மட்கார்டு சுருண்டு சக்கரத்துக்குள் நுழைந்து அதைப் பூட்டிவிடும். அதன்மேல் ஒருவரை உட்கார வைத்தால் அந்த முறிவை நாமே அழைக்கிறோம்.

பின் பிரேக்கின் பிடிகம்பி ஸ்விங்கார்மில் மாட்டியிருந்தது. இப்போது எங்கே மாட்டுவது?

ஃபிரேமின் கீழ்க் குழாயில், கனமான தட்டுப் பிடிமானம் ஒன்றை வெல்டு செய்து மாட்டுங்கள். பிரேக் போடும்போது சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும் பிரேக் தட்டை அந்த ஒரு கம்பிதான் தடுக்கிறது. அது விடுபட்டால் பிரேக் கம்பிகள் சுருட்டப்பட்டுச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். போல்ட்டுக்குக் கோட்டர் பின் கட்டாயம். செயினை இழுக்கும்போது ஆக்ஸிலோடு பிடிகம்பியும் நகர இடமிருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பர் தாங்கி ஆக்ஸிலிலேயே உட்கார்ந்து, அதன் முனை ஃபிரேமில் உள்ள நீள்பள்ளத்தில் வழுக்குமாறு அமைப்பது நல்லது.

பழைய பெட்ரோல் டேங்கில் புதுப் பிடிமானம் வெல்டு செய்ய வேண்டும். பெட்ரோலை வடித்துவிட்டால் போதுமா?

போதாது. வெடிப்பது பெட்ரோல் அல்ல, டேங்கில் தங்கிய ஆவி. அது மடிப்புகளிலும் துருவுக்கு அடியிலும் நீண்ட காலம் தங்கும். சோப்பு நீராலும் சுடுநீராலும் பலமுறை கழுவி, வெல்டு செய்யும் இடம்வரை நீரால் நிரப்பியோ, உள்ளே ஆர்கானைத் தொடர்ந்து செலுத்தியோதான் செய்ய வேண்டும். ஐயம் இருந்தால், டேங்க் பழுதுபார்ப்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். பிடிமானங்கள் எல்லாம் ரப்பர் புஷ் வழியே அமையட்டும். ஹார்டெயிலின் அதிர்வில், இறுக்கி மாட்டிய டேங்க் மூலையில் விரிசல் விட்டு ஒழுகத் தொடங்கும்.

பெயிண்ட் அடித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாமா, ஓட்டிப் பார்த்துவிட்டு அடிக்கலாமா?

ஓட்டிவிட்டு. வண்டி முழுவதையும் வெற்று உலோகமாகப் பூட்டி, அனுமதியுள்ள இடத்தில் சில நூறு கி.மீ. ஓட்டி, பிறகு முழுதும் பிரித்து ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளிக்கும் விரிசல் சோதனைப் பொருள் கிடைக்கிறது. மயிரிழை விரிசல்கூட வெள்ளையின்மேல் சிவப்புக் கோடாகக் கசியும். விட்டுப்போன பிடிமானங்களும் இந்த ஓட்டத்தில்தான் நினைவுக்கு வரும்.

பவுடர் கோட்டிங் தடிமனானது, விரிசலை நெடுநாள் மறைத்துவைக்கும். அதைத் தேர்ந்தால் கழுத்துக் கிண்ணங்கள், ஆக்ஸில் பள்ளங்கள், மரைகள், எர்த் இணைப்பிடங்கள் ஆகியவற்றை மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பூட்டும்போது நைலான் நட்டுகளும் மரை பூட்டும் பசையும் எங்கெங்கும் வேண்டும். முதல் சில ஓட்டங்களுக்குப் பின் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தது, ஆனால் கையைத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கம் போகிறது. எங்கே தேடுவது?

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் அட்ஜஸ்டர்கள்: ஆக்ஸில் மையத்திலிருந்து கழுத்துவரை இருபுறமும் அளந்து பாருங்கள், தட்டில் பொறித்த கோடுகளை நம்ப வேண்டாம். அடுத்து கழுத்து பேரிங்கான கோன் செட்டின் இறுக்கம், டயர் அழுத்தம், பக்கவாட்டில் தொங்கும் எடை. பிறகு இரு சக்கரங்களையும் ஒட்டி நூல் பிடித்து, பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு இணையாக ஆனால் ஒதுங்கி நிற்கிறதா, அல்லது கோணத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒதுங்கி இருந்தால் ஸ்பேசரை மாற்றியோ, ஸ்போக்குகளை இழுத்து ரிம்மை நகர்த்தியோ திருத்தலாம். செயின் கோடு கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வண்டி இழுத்தால், பின்சக்கரத்தின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டை விட்டு, வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். முன்சக்கரம் செங்குத்தாக நிற்கும்போது பின்சக்கரம் சாய்ந்திருந்தால், அது ஆக்ஸில் தட்டின் உயரப் பிழை. தட்டைச் சூடாக்கி வளைத்துச் சமாளிக்கச் சிலர் சொல்வார்கள். அது மூட்டில் இழுவிசையை விட்டுவைக்கும். ஒரு தட்டை வெட்டி எடுத்து, மற்றதற்கு ஆக்ஸிலால் பிணைத்து, ஜிக்கில் மறுபடி டேக் வைத்து, நான்கு அளவுகளும் ஒத்துவந்த பிறகே முழுதாக வெல்டு செய்ய வேண்டும்.